மஞ்சள் கோடு

டீ ஆறிப்போகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். என் தங்கைக்கு அப்படித்தான் பிடிக்கும். எனக்கும் அதுவே பழகிவிட்டது.

சிங்கம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கிறார்கள், இன்ஸ்பெக்டர். மிருகக்காட்சிசாலை டாக்டரைக் கேட்டால் இல்லை என்பாள். சின்ன இனம் ஒன்று உண்டு. பிடரி அடர்த்தியாக இருக்காது, காது வெளியே தெரியும், வயிற்றடியில் தோல் மடிந்து தொங்கும். பெரிய இனத்துக்கு உடம்பும் பெரிது, முன்னங்காலும் நீளம். ஆனால் இளவயதில் தோற்றத்தை நம்பி ஏமாறக்கூடாது. கூண்டுகளில் இரண்டும் கலந்து பிறந்தவையும் உண்டு. ரத்தத்தைச் சோதித்து மரபணுவைப் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

எங்கள் கூண்டு பழையது. கம்பிக்கு அடியில் இறைச்சி தள்ளும் இடைவெளி இருக்கிறது. அதன் வழியே சிங்கத்தின் கால் எதுவரை எட்டும் என்று அளந்து, அதற்கு அப்பால் தரையில் ஒரு மஞ்சள் கோடு போடுவோம். கோட்டுக்கு இந்தப்பக்கம் இருந்தால் உயிருக்குப் பயமில்லை. புதுச் சிங்கம் வந்தால் மறுபடி அளந்து கோட்டை மாற்றுவது டாக்டரின் வேலை.

சிங்கங்களைப் பார்த்துக்கொண்டது என் தங்கையின் கணவர். நல்ல பையன், அதைச் சொல்லியாக வேண்டும். கோட்டின் மேல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, புதிதாக வந்த இளஞ்சிங்கத்தோடு கதை பேசுவார். "என்ன மாமனாரே, சாப்பாடு எறங்கலியா? எங்க டாக்டரக்கா சமைச்சதில்ல, தைரியமா சாப்பிடுங்க" என்பார். அந்த டாக்டரக்கா நான்தான். நானும் சிரிப்பேன்.

அப்பா அம்மா போனபின் தங்கையை வளர்த்தவள் நான். என் விரலைப் பிடித்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். ஒருநாள் சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "அக்கா, அவருக்கு வேற ஊர்ல வேல கெடச்சிருக்கு. வீடும் தர்றாங்களாம். நாங்க போறோம்க்கா." அன்று முதல் இந்த வீட்டில் காலி அறைகளின் சத்தம் எனக்குக் கேட்கத் தொடங்கியது. பயம் என்றால் அதுதான் பயம்.

அந்த வாரமே, சிங்கத்தின் ரத்தம் அனுப்பியிருந்த ஆய்வகத்திலிருந்து தோழி போன் செய்தாள். பார்வைக்குச் சின்ன இனம்போல் இருந்த எங்கள் சிங்கத்தின் மரபணுவில் பெரும்பகுதி பெரிய இனத்துடையதாம். கூண்டருகே யாரும் இல்லாத நேரம் கழியில் இறைச்சி குத்தி நானே அளந்தேன். நகம் கோட்டைத் தாண்டி ஒரு சாண் தூரம் தரையைக் கீறியது. கீறலில் படிந்த ரத்தத்தைத் துணியால் துடைத்தேன். சுத்தம் எனக்கு முக்கியம்.

மறுநாள் தங்கையின் கணவர் கேட்டார்: "அக்கா, ஐயா தெனமும் வளர்றாரே, கோட்ட மாத்தணுமா?"

"சின்ன இனம்ப்பா. இதுக்கு மேல வளராது" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான்க்கா."

ஸ்டூலை இழுத்துப் போட்டு, கம்பிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். உள்ளே வைக்கோல் சரசரத்தது. பிறகு அந்தச் சத்தம் நின்றது. அவரிடம் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. கம்பிக்கு அடியிலிருந்து கால் நீண்டதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஸ்டூல் மட்டும் இந்தப்பக்கம் உருண்டு வந்தது.

மயக்க ஊசித் துப்பாக்கி என் கையில் இருந்தது, சுட்டேன். சிங்கம் அசரவில்லை. சின்ன இனத்துக்கான அளவுதான் அதில் ஏற்றியிருந்தேன். சொன்ன சொல் மாறக்கூடாதல்லவா?

கொன்றது சிங்கம்தான். ஆனால் தெரிந்தேதான் அவரை அங்கே உட்காரவைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இப்போது கோட்டைச் சரியான இடத்தில் போட்டுவிட்டேன். இனி யாருக்கும் ஆபத்தில்லை.

தங்கை இங்கேயே இருக்கிறாள், அதோ அந்த அறையில். அன்று அவளை அணைத்துச் சமாதானப்படுத்தும்போது, "சின்ன இனம்னு நீதானேக்கா சொன்ன?" என்றாள். அப்புறம் அந்த அறைக்குள் போய்விட்டாள். உள்ளே தாழ்ப்பாள், அதற்குப் பின்னால் கட்டிலையும் இழுத்துப் போட்டிருக்கிறாள். நான் கதவைத் தட்டினால் மூச்சுச் சத்தம்கூட நின்றுவிடுகிறது.

நீங்கள் தட்டிப் பாருங்கள், திறப்பாள். பாவம், அவளுக்கு அந்தச் சிங்கத்தின் பயம் இன்னும் தெளியவில்லை.