ஹெட் போல்ட் முறுக்கிய மதியம்

பழைய காரின் இன்ஜினை வீட்டிலேயே பிரித்துக் கட்ட நினைப்பவர் முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும், மாப்பிள்ளை. சாரல் அடிக்காத இடம், பகல் வெளிச்சம் வரும் இடம், கழற்றியதைக் கழற்றிய வரிசையில் பரப்பி வைக்க நீளமான ஒரு மேஜை. எனக்கு இன்னொன்றும் தேவைப்பட்டது. உன் அக்கா கூப்பிட்டால் காதில் விழ வேண்டும். அதனால் ஷெட்டை அவள் படுக்கையறை ஜன்னலை ஒட்டியே போட்டேன். இதை நீ ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னாய்.

இதய நோய் வந்து அவள் படுத்த பிறகு எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். "இந்தக் காலத்துல யாரு இப்படிப் பாத்துக்கறாங்க?" கேட்கக் கேட்க அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போனது. அவள் கூப்பிடும் குரல்தான் பிடிக்காமல் போனது.

அவள் கெட்டவள் இல்லை. உனக்கே தெரியும், படுத்த படுக்கையிலும் அவள் வாய் ஓயாது.

"என்னங்க, உங்க சின்ன வீடு எப்படி இருக்கா?"

"இன்னும் பிரிஞ்சுதான் கெடக்கா."

"அவளுக்கு ஊத்தற எண்ணெயில பாதிய என் காலுக்குத் தேய்ச்சிருந்தா நான் எந்திரிச்சு ஓடியே போயிருப்பேன்."

நானும் சிரிப்பேன். அப்புறம் தண்ணீர் கேட்பாள். ஃபேன் போடச் சொல்வாள், சற்று நேரத்தில் நிறுத்தச் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் கிரீஸ் கையை மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புப் போட்டு, துடைத்துக்கொண்டு உள்ளே போவேன். திரும்பி வந்தால் கையில் எதை வைத்திருந்தேன் என்பதே மறந்திருக்கும். இவ்வளவுதான் காரணம். பெரிதாக ஏதாவது இருக்கும் என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ உன் லேத் பட்டறையில் வேலை முடித்த இன்ஜின் பிளாக்கைக் கொண்டுவந்தாய். கசிவு அடைக்கும் புது கேஸ்கெட் தகட்டை இடையில் வைத்து, இரண்டு பேருமாக இன்ஜினின் மூடியான ஹெட்டை மேலே இறக்கினோம். கிளம்பும்போது சொன்னாய்.

"மாமா, போல்ட்டையெல்லாம் நடுவுலேருந்து வெளிப்பக்கமா வரிசையா முறுக்கணும், மூணு சுத்து. ஆரம்பிச்சா முடிச்சிட்டுத்தான் எந்திரிக்கணும். பாதில விட்டா எது முறுக்கினது, எது முறுக்காததுன்னு கொழம்பிடும். ஹெட் கோணிக்கும்."

ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் சொன்னாள்: "அவருக்கு ஏற்கெனவே மண்டை கோணல்தான்டா."

நீ சிரித்துக்கொண்டே போனாய்.

இரண்டாவது சுற்றில் இருந்தேன். "என்னங்க" என்றாள். ஸ்பானரை அடுத்த போல்ட்டுக்கு மாற்றினேன். கொஞ்ச நேரம் கழித்து, "நெஞ்சு வலிக்குதுங்க. மாத்திரை கீழ விழுந்துடுச்சு" என்றாள். நாக்கின் அடியில் வைக்கிற மாத்திரை. அதை எடுத்துக் கொடுக்க நான் எழுந்து உள்ளே போயிருந்தால் போதும்.

மற்றவர்களிடம் நான் சொன்னது உனக்குத் தெரியும். முறுக்கிக்கொண்டிருந்தேன், பாதியில் விடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள், இதோ வர்றேன் என்று குரல் கொடுத்தேன், போவதற்குள் முடிந்துவிட்டது. ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. நீதான் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாய். "நான்தானே மாமா எந்திரிக்காதீங்கன்னு சொன்னேன்." உன் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். "விடு மாப்பிள்ளை, உனக்கு என்ன தெரியும்" என்றேன். மன்னித்துவிட்டவனின் குரலில் சொன்னேன். செய்ததைவிட அந்தக் குரலை நினைக்கும்போதுதான் எனக்கு உடம்பு கூசுகிறது.

நேற்று உன் மனைவி போன் செய்தாள். நீ பட்டறையைத் திறப்பதே இல்லையாம். சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாயாம். "நீங்க சொன்னா கேப்பார் அண்ணே, வந்து ரெண்டு வார்த்தை ஆறுதலா சொல்லுங்க" என்றாள். ஆறுதல் சொல்லத்தான் வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

உன் வார்த்தை அவளைக் கொல்லவில்லை, மாப்பிள்ளை. இதோ வர்றேன் என்று நான் குரல் கொடுக்கவே இல்லை. மூன்றாவது சுற்றையும் முடித்தேன். கடைசி போல்ட்டும் இறுகிவிட்டது. ஸ்பானரைக் கீழே வைத்தேன். நீ சொன்னபடி வேலை முடிந்திருந்தது, இனி எழுந்திருக்கலாம். அவள் குரல் மெலிந்திருந்தது, ஆனால் இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். என் கைக்குச் செய்ய ஒன்றும் இல்லை.

ஒருமுறை அழுந்திய கேஸ்கெட்டைத் தளர்த்தினால் அது வீண் என்று எனக்குத் தெரியும். எல்லா போல்ட்டையும் தளர்த்திவிட்டு, நடுவிலிருந்து மறுபடியும் முதல் சுற்றைத் தொடங்கினேன்.