காட்டின இடத்தில் முக்கால்வாசி

— முறைக்காதீங்க அண்ணி. நீங்க எழுதின சாஃப்ட்வேரோட புது வெர்ஷனை, சும்மா பார்க்கலாம்னு தனி ஃபோல்டர்லதான் போட்டேன். எங்க வைக்கட்டும்னு உங்க இன்ஸ்டாலர் கேட்டுச்சு. இடம் காட்டினேன்.

— காட்டின இடத்துலதானே வெச்சுது, குட்டி?

— முக்கால்வாசியை வெச்சுது. மிச்சத்தை எங்க குடிதண்ணி ஆய்வகத்துல எல்லாருக்கும் பொதுவா இருக்கிற பைத்தான் ஃபோல்டர்ல கொண்டுபோய்ச் செருகிடுச்சு. அங்க இருந்த பழசு மேலேயே. ஒரு வார்த்தை கேட்கலை.

— அது பைண்டிங். கணக்குப் போடுற இன்ஜின் ஒரு மொழி, நீங்க எழுதுற பைத்தான் வேற மொழி. நடுவுல நின்னு பேசுற தரகர் அது. பைத்தான் தேடுற இடத்துல இருந்தாத்தான் கண்ணுல படும். நீ காட்டின மூலையில வெச்சா, காணோம்னு கையை விரிச்சுடும்.

— விரிக்கட்டுமே!

— சொல்லுவே. முதல்ல அப்படித்தான் வெச்சிருந்தேன். தினம் பத்துப் பேர் கடுதாசி போட்டாங்க, இன்ஸ்டால் பண்ணோம், கிடைக்கலை, உருப்படியா எழுதத் தெரியாதான்னு. போதாக்குறைக்கு உங்கண்ணன் வேற சாப்பாட்டு மேசையில உட்கார்ந்து கிண்டல். ரோஷம் வந்து மாத்தினேன்.

— உங்க ரோஷம் என் தலையில விடிஞ்சிருக்கு. மூணு வாரமா எல்லாக் குடிதண்ணி அறிக்கையும் புது வெர்ஷன்ல ஓடியிருக்கு, எனக்கே தெரியாம! மேட்டுத் தெருக்கள் தண்ணியில ஈயம் எக்கச்சக்கம்னு வந்துச்சு. குழாயை மூடினோம். ஜனங்க ஆபீஸ் வாசல்ல வந்து கத்தாத கத்தல் இல்லை. முந்தாநாள் சந்தேகப்பட்டுப் பழசுல போட்டுப் பார்த்தா, எல்லாம் அளவுக்குள்ள இருக்கு.

— அடப்பாவமே.

— அனுமதி இல்லாம மாத்தி, ஊரைத் தவிக்க விட்டுட்டேனாம். நாலு மணிக்கு விசாரணை. இந்த வேலைக்கு நான் நாய் படாத பாடு பட்டது உங்களுக்குத் தெரியும்.

— தெரியாம? நீ படிக்கணும்னு வீட்டு டிவியை மூட்டை கட்டிப் பரண்ல போட்டவளே நான்தானே.

— அதான் உங்ககிட்ட வந்தேன். ஒரு கடிதம் கொடுங்க. தப்பு அவளோடது இல்லை, இன்ஸ்டாலரோடதுன்னு.

— கொடுக்கிறேன். ஆனா எது தப்புன்னு எனக்குத் தெளிவாகணும். பொது இடத்துலயும் வைக்கட்டுமான்னு கேட்டிருந்தா போதுமா?

— அதையெல்லாம் யார் அண்ணி படிக்கிறா? சரி, சரின்னு தட்டிக்கிட்டே போவோம்.

— அதுவும் நிஜம்.

— எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். இடம் காட்டிட்டா, அதைத் தாண்டி ஒரு துரும்பு போகக்கூடாது. வந்த விருந்தாளிக்கு ஒரு அறையைக் கொடுக்கிறீங்க. அவ போய் உங்க அலமாரியைத் திறந்து, உங்க துணியை வெளியே தள்ளிட்டுத் தன் துணியை அடுக்கினா சும்மா இருப்பீங்களா?

— அதிகப்பிரசங்கின்னு திட்டுவேன். ம்... கிடைக்கலைன்னா ஜனங்க கத்துவாங்க. கத்துறவங்களுக்குப் பதில் சொல்லலாம். கமுக்கமா மாறிப்போனா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க, ஏன்னா தெரியவே தெரியாது. நாலு பேர் திட்டினதுக்குப் பயந்துட்டேன் குட்டி. சரி, இனிமே காட்டின இடத்துக்குள்ளதான் எல்லாம். பைத்தானுக்கு வழி காட்டுற அந்த ஒரு வரியை அவங்களே கையால சேர்த்துக்கட்டும்.

— அப்பாடா! அதை அப்படியே எழுதுங்க.

— எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன். எந்தெந்த அறிக்கை மாறுச்சு? எல்லாமேவா?

— இல்லை, கலங்கல் தண்ணி மட்டும்தான். மேட்டுத் தெருவுல எல்லாம் துருப்பிடிச்ச குழாய். அந்தத் தண்ணியை அப்படியே கொடுத்தா கருவி திணறும். சுத்தத் தண்ணி கலந்து பத்து மடங்கு நீர்க்க வெச்சுக் கொடுப்போம். பத்துன்னு பைத்தான்ல குறிச்சுடுவோம், சாஃப்ட்வேர் பெருக்கிக்கும்.

— மத்த தண்ணி?

— பழசுலயும் புதுசுலயும் ஒரே எண். ஈயம் எவ்வளவுன்னு தெரிஞ்சே கலந்து வெச்சு, தினம் கருவியைச் சரிபார்ப்போமே, அதுகூட மாறலை.

— அதை நீர்க்க வைக்க மாட்டீங்க.

— மாட்டோம். ஏன் அண்ணி, டைப் அடிக்கிறதை நிறுத்திட்டீங்க?

— மாறின எண்ணெல்லாம் எத்தனை மடங்கு மாறுச்சு?

— சொல்லி வெச்ச மாதிரி பத்து மடங்கு.

— குட்டி, புது பைண்டிங்ல ஒரு சின்னத் திருத்தம் பண்ணினேன். பைத்தான்ல நீங்க கொடுக்கிற ஒரு எண்ணைப் பழசு வாங்கி மடியில கட்டிக்கிச்சு, இன்ஜின்கிட்ட கொடுக்கவே இல்லை. அது எதுக்கான எண்ணுன்னுகூட நான் யோசிக்கலை. குறிப்புல ஒரு வரி எழுதிட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டேன்.

— எந்த எண்?

— உன்னோட அந்தப் பத்து.

— அப்போ பழசை ஓட்டின ரெண்டு வருஷமா பெருக்கவே இல்லையா? இந்த மூணு வாரம் வந்ததுதான் நிஜமா?

— ஆமா. பொய் சொன்னது பழசு. அதை எழுதினவ நான். கடிதம் கிடக்கட்டும், விசாரணைக்கு நானே வந்து நிக்கிறேன். என்னைத் தூக்கி எறிஞ்சாலும் பரவாயில்லை. அந்தக் குழாயெல்லாம் மூடியிருக்கிற வரைக்கும் நிம்மதி.

— அண்ணி... பழசைத் திரும்ப ஏத்தி, இன்னிக்குக் காலையில அத்தனை குழாயையும் திறக்கச் சொல்லி நானேதான் கையெழுத்துப் போட்டேன்.