நாலாவது பிஸ்டன்

ஷட்டர முழுசா ஏத்தாதீங்க சடையாண்டி அண்ணே, பாதி போதும். குனிஞ்சு வாங்க. இந்த வெளிச்சம் எனக்குப் பத்தும். அந்த ஸ்டூல்ல உக்காருங்க, எண்ணெ இருக்கு, தொடச்சுட்டு உக்காருங்க.

உங்க வண்டி இன்ஜினுதேன், வேற யாரு வேலையும் எடுத்து வச்சுக்கல. மூணு பிஸ்டன் மாட்டியாச்சு. நாலாவது இந்தா, அடுப்புச் சட்டியில கொதிச்சுக்கிட்டு இருக்கு. அதையும் மாட்டிட்டுத்தேன் எந்திரிப்பேன்.

யாரு, ஸ்டான்லியா? முக்குல நின்னு என்னையத் தேடுறானா? என்னா விசயம்ண்டு சொன்னானா? சொல்லலையா. சரி. அஞ்சு மணிக்குள்ள வீட்டுக்குப் போயிருவேண்ணே. நீங்க போயி இங்க இருக்கேண்டு சொல்லிப்புடாதீங்க. மச்சான் வந்தா கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருவான், இது பாதியில நின்னுரும்.

செல்லு அடிக்கட்டும்ண்ணே. அவன்தேன். கையெல்லாம் கிரீசு, எங்கிட்டு எடுக்க.

வேட்டியா? ஸ்டான்லி வாங்கியாந்தது, காலையில கட்டச் சொன்னான். ஆமா, கோடி வேட்டிதேன். கறை பட்டா பட்டுட்டுப் போகுது. அத விடுங்க, இங்க பாருங்க.

இந்தப் பிஸ்டனு அலுமினியம். சூடு பட்டா ஓட்ட செத்த விரியும். ஐஸுக்குள்ள கெடக்குது பாருங்க உருட்டா, அது பின்னு. பிஸ்டனையும் கீழ இருக்க கன்ராடுத் தண்டையும் கோக்குறது அதுதேன். இரும்பு. குளுந்தா ஒரு மயிரிழை சுருங்கும். மீன்கடை சாகுல் ஹமீது பாய்கிட்ட ஒரு கட்டி ஐஸ் வாங்கியாந்தேன். என்னத்துக்குய்யா இன்னைக்கு உனக்கு ஐஸுண்டு கேட்டாரு. பாவம், காசும் வாங்கல.

சும்மா இருக்கையில இந்தப் பின்னு இந்த ஓட்டைக்குள்ள போகவே போகாதுண்ணே. பைபாஸ்ல ஒருத்தன் சுத்தியல வச்சு அடிச்சு ஏத்துவான். உள்ள போயிரும், போகாம என்னா. பிஸ்டனு கோணிக்கிரும். ஒரு மாசத்துல சிறுமலை ஏத்தத்துல வாழத்தார் லோடோட வண்டி நிண்டு புகையும். என் கடையில சுத்தியலுக்கு வேலையே இல்ல. வெளிய இருக்கது சூடாகணும், உள்ள போறது குளுரணும், அப்பறம் கட்டவெரலு போதும்.

ஒரு சாமான் இறுகுச்சுண்டா, ஒண்ணு வெளிய இருக்கது சுருங்கிருக்கணும், இல்ல உள்ள இருக்கது வீங்கிருக்கணும். மூணாவது காரணமே கெடையாது. இருவது வருசமா வாறவன் போறவன்கிட்டயெல்லாம் இதத்தேன் சொல்லிக்கிட்டுத் திரியுறேன். உங்ககிட்டயே எத்தன தடவ சொல்லிருப்பேன்.

கொஞ்சம் எந்திரிங்க, ஒரு கை குடுங்க. இந்தக் கன்ராட நேரா பிடிங்க. ஆட்டாதீங்க. பத்து எண்ணுறதுக்குள்ள போயிறணும், நடுவுல நிண்டுச்சுண்டா சூடும் போயிரும், குளுரும் போயிரும், அப்பறம் அப்பிடியே கவ்விக்கிரும். துணியக் குடுங்க. ம். ஒண்ணு, ரெண்டு, மூணு... நேராண்ணே, நேரா... ஆறு, ஏழு. போயிருச்சு. சத்தம் எதுவும் கேட்டுச்சா? கேக்கலைல்ல. அதுதேன் வேலை.

இன்னும் லாக்கு போடணும். பின்னு நகண்டு வெளிய வராம ரெண்டு ஓரத்துலயும் போடுறது. அந்தத் தட்டுல கெடக்கும் பாருங்க, வளையமா.

அது இல்லண்ணே. அது இந்த இன்ஜினோடது இல்ல.

மோதிரம். ஜோஸ்பினோடது. கல்யாணத்தண்ணைக்குச் சர்ச்சுல சாமியார் மந்திரிச்சுக் குடுத்து நான் போட்டுவிட்டது. உள்பக்கம் என் பேரு இருக்கும், பவுல்ராஜுண்டு, தேஞ்சுருக்கும். கீழ போட்டுறாதீங்க.

ஆறு மாசமா சொல்லிக்கிட்டே இருந்தாண்ணே. ஏங்க, மோதிரம் இறுகுது, கழட்ட வரலண்டு. நான் என்னா சொன்னேன், டைட்டா இருந்தாத்தேன் நல்ல பிட்டிங்கு, சோப்புப் போட்டுப் பாருடிண்டு சொல்லிச் சிரிச்சேன். அப்பறம் செருப்பு வாரு இறுகுதுண்டா. பெரிய கடைவீதிக்குக் கூட்டிட்டுப் போயி புதுச் செருப்பு வாங்கிக் குடுத்தேன். ஒரு நம்பர் பெருசா.

கிட்னிண்டு முந்தாநாளு சொன்னாக. ரெண்டும் போயிருச்சாம். நேத்துச் சாயங்காலம் முடிஞ்சு போச்சு.

உக்காருங்கண்ணே. நான் நல்லாத்தேன் இருக்கேன். அழுகையே வரல, அதுதேன் பயமா இருக்கு. எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறாக. அதான் இங்கிட்டு வந்துட்டேன்.

காலையில ஆஸ்பத்திரியில நகையக் கழட்டித் தரணும்ண்டாக. தோடு வந்துருச்சு. மோதிரம் வரல. அங்க இருந்த ஆளு வெட்டுறதுக்குக் கட்டர எடுத்தான். வெட்டாதப்பா, இது என் வேலை, நான் கழட்டுறேண்டேன். மோதிரத்த ரெண்டு வெரலால பிடிச்சுத் தேச்சுத் தேச்சுச் சூடாக்குனேன். உள்ள குளுர வைக்கணும்ல, கொஞ்சம் ஐஸ் கெடைக்குமாண்டு கேக்கத் திரும்புனேன். கேக்கல. ராத்திரியெல்லாம் பிரீசருக்குள்ள இருந்துருக்கா. கட்டவெரலால தள்ளுனேன். வந்துருச்சு.

அஞ்சு மணிக்கு எடுக்குறாக. பெட்டி மூடுறதுக்கு முன்னால மோதிரத்த மறுபடி அவ கையில போட்டுவிடணுமாம், அவுக அம்மா ஒரே அழுக. ஸ்டான்லி தேடுறது அதுக்குத்தேன். போட்டுறலாம், அவ கை குளுந்துதேன் இருக்கு. இத மட்டும் சூடா கொண்டு போகணும்.

அடுப்ப அணைச்சுறாதீங்கண்ணே. தண்ணி இன்னும் கொதிக்குதாண்டு பாருங்க.