ஆறாவது ஆள்

விசாரணைக் குழுத் தலைவர் அவர்களுக்கு,

கையெழுத்து நன்றாக இருக்கும் பிள்ளைகளிடம் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பிரியம். இறந்துபோன மாணவியின் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும்.

அவளோடு ஒரே குழுவில் இருந்த ஐந்து பேரையும் கல்லூரியை விட்டு நீக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தலைமைப் பண்புப் பயிற்சியை வடிவமைத்தவன் நான். மாணவரே மையம், ஆசிரியர் விடை சொல்லக் கூடாது. குழுவுக்கு ஆறு பேர், வாரம் ஒரு வகுப்பாகப் பத்து வாரம். முதல் வருடம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, சிரித்துப் பேசி, பிஸ்கட் தின்றுவிட்டுக் கலைந்தார்கள். சிக்கலே இல்லாத இடத்தில் தலைவன் எங்கிருந்து வருவான்? இந்த வருடம் சிக்கலை நானே கொடுத்தேன்.

ஐந்து பேரையும் தனித்தனியே கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு உங்களப் பத்தி எங்கிட்ட போட்டுக் கொடுக்குது. காட்டிக்காதீங்க" என்றேன். அவள் ஒன்றும் சொன்னதில்லை. யாராவது ஒருவர் அவளிடமே நேரில் கேட்பார், அவரே தலைவர் என்பது என் கணக்கு.

ஏன் அவள் என்று கேட்பீர்கள். சேர்க்கைப் படிவத்தில், 'கஷ்டம் வந்தால் யாரிடம் பேசுவீர்கள்?' என்று ஒரு கேள்வி வைத்திருந்தேன். அவள் மட்டும் 'யாரும் இல்லை' என்று எழுதியிருந்தாள். வெளியாள் புகுந்து பயிற்சியைக் கெடுக்க வழியில்லை.

யாரும் அவளிடம் கேட்கவில்லை. ஒட்டுக்கேட்பவள் என்று அவளுக்கு 'மைக்' எனப் பேர் வைத்து, "மைக் வருதுடா, வாய மூடுங்க" என்று சிரித்தார்கள். கேன்டீனில் அவள் உட்கார்ந்தால் எழுந்து போனார்கள். எட்டாவது வாரம் என் அறைக்கு வந்தாள்.

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்? ஒருத்தரும் முகம் குடுத்துப் பேச மாட்டேங்கறாங்க."

"நீயே யோசிம்மா. நான் சொல்லிட்டா நீ கத்துக்க மாட்ட."

"யோசிச்சு யோசிச்சு ஒரு நோட்டே தீந்துபோச்சு சார்."

இன்னொரு நோட்டு எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, நாற்காலியை இருந்த இடத்தில் தள்ளி வைத்துவிட்டுப் போனாள். உண்மையைச் சொல்ல அரை நிமிஷம் போதும் என்று எனக்குத் தெரியும். எட்டு வார வேலை வீணாகிவிடும் என்றும் தெரியும்.

மறுநாள் காலை விடுதியிலிருந்து செய்தி வந்தது.

அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்ல வாயே தொறக்க மாட்டா சார். உங்ககிட்டயாச்சும் ஏதாவது சொன்னாளா?" என்றார். இல்லை என்றேன். மாணவர் பேசியதை வெளியே சொல்லக் கூடாதல்லவா.

ஆகவே, அந்த ஐந்து பேரையும் விட்டுவிடுங்கள். அவர்களிடம் பொய் சொன்னவன் நான். அவளை அந்த நிலைக்குத் தள்ளியவனும் நானே.

அவளுக்கும் சான்றிதழ் எழுதி வைத்திருக்கிறேன். கடைசி இரண்டு வகுப்புக்கு அவள் வரவில்லை. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.