அரை செகண்ட்

— அரை செகண்ட் குறைஞ்சிருக்கு, சுறா! இருநூறு மீட்டர்ல ரெண்டு வருஷமா தலைகீழா நின்னும் நகரல. நேத்துப் போட்டியில தானா விழுந்துச்சு. நீ என்னடான்னா நீச்சல் குளத்துப் படியில, பையக்கூடத் திறக்காம உக்காந்திருக்க.

— தானா விழல சார். மாத்திரைய நிறுத்திட்டேன்.

— எந்த மாத்திரை?

— மனசுக்குப் போடறது. ரெண்டு வருஷமா. தடை செஞ்ச மருந்தில்ல, டாக்டர் சீட்டு இருக்கு. போட்டா காலைல உடம்பு கல்லாட்டம் கெடக்கும். போன மாசம் நானா நிறுத்தினேன், யாரையும் கேக்கல.

— பாரு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல நீ.

— டீம்லேர்ந்து எடுத்துருவீங்கன்னு பயம்.

— சிரிச்சுப் பேசிட்டுதானேம்மா இருந்த?

— போன வாரம் பாதியில நின்னு நின்னு கண்ணாடியக் கழட்டித் தண்ணியக் கொட்டினேனே...

— ஆமா. ஒழுகுதுன்னுதான புதுசு வாங்கிக் குடுத்தேன்?

— அது ஒழுகவே இல்ல சார்.

— அப்ப உள்ள இருந்தது கண்ணீரா?

— நேத்து முதல்ல வந்து சுவத்தத் தொட்டேன். எல்லாரும் கத்துறாங்க. எனக்கு மேல வரவே தோணல. கீழயே இருந்துட்டா என்னன்னு இருந்துச்சு. ரொம்ப நேரமில்ல. ஆனா இருந்துச்சு.

— இப்ப? இப்பவும் அந்த நெனப்பு இருக்கா? மறைக்காம சொல்லு.

— இப்ப இல்ல. அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். வெளிய வண்டியில உக்காந்திருக்கா, என்னத் தனியா விட மாட்டேங்கறா.

— நல்லது. அப்ப... பாரு, மூணு வாரத்துல தேர்வுப் போட்டி. அதுவரைக்கும் மட்டும் எப்படியாவது...

— கேப்பீங்கன்னு தெரியும் சார்.

— ச்சே. என் நாக்குல சனி. கேட்டிருக்கவே கூடாது. விடு, தேர்வும் வேணாம், ஒண்ணும் வேணாம். வீட்டுக்குப் போ. மேலிடத்துல நான் பேசிக்கறேன். லாக்கர் சாவியக் குடுக்கத்தானே வந்த? வச்சிட்டுப் போம்மா.

— சாவி எங்கிட்டயே இருக்கட்டும். டாக்டரப் பாத்துட்டுதான் வரேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். காலைலேர்ந்து மாத்திரை மறுபடி ஆரம்பிச்சாச்சு. அத விட்டுக் கெடைச்ச அரை செகண்ட் எனக்கு வேணாம் சார். நீச்சல்ல வேற எங்கேர்ந்து எடுக்கலாம், அதச் சொல்லுங்க.