அக்கா என்றொரு நிறம்

இணையப் பக்கத்தில் எந்த நிறப் பட்டன் வைத்தால் அதிகம் விற்கும் என்று என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள், ஐயா. எந்த நிறத்துக்கும் தனியாக ஒரு சக்தியும் கிடையாது. சுற்றி இருப்பதிலிருந்து விலகித் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நீலப் பக்கத்தில் ஆரஞ்சு பளிச்சென்று நிற்கும். ஆரஞ்சுப் பக்கத்தில் அதே ஆரஞ்சு செத்துக் கிடக்கும். இது தெரியாமல் இணையப் பக்கம் முழுக்க மஞ்சளும் ஊதாவுமாக அப்பி வைக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் குமட்டும்.

எங்கள் கம்பெனி சர்க்கரை நோய்க்கு ஒரு பொடி விற்றது. அதை விற்கும் இணையப் பக்கத்தை வடிவமைத்தது நான். ‘ஊசிக்கு இனி வேலையில்லை’ என்று பக்கத்தின் தலையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். கம்பெனி வக்கீல் ஒரு நிபந்தனை வைத்தார். ஆரஞ்சு நிற ‘வாங்கு’ பட்டனுக்குக் கீழே ‘நான் இன்சுலின் போடுகிறேன்’ என்று இன்னொரு பட்டன் வேண்டும். அதைத் தொட்டால், இந்தப் பொடி உங்களுக்கு ஆகாது, ஊசியை நிறுத்தாதீர்கள் என்று வரும். வந்தவர்களில் பாதிப்பேர் அதைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்கள். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். பட்டன் வேண்டும் என்றுதான் வக்கீல் சொன்னார். என்ன நிறம் என்று சொல்லவில்லை.

வெள்ளைப் பக்கத்தில் அந்தப் பட்டனுக்கு வெளிர் சாம்பல் வைத்தேன். ரொம்ப வெளிறினால் வக்கீலுக்குத் தெரியாது. கொஞ்சம் அழுத்தினால் நோயாளிக்குத் தெரிந்துவிடும். எங்கள் தொழிலில் ஊகம் செல்லாது, யாரிடமாவது காட்டிப் பார்க்க வேண்டும். சர்க்கரைக்காரர்களில் நிறையப் பேருக்குக் கண் மங்கியிருக்கும். அப்படி ஒரு கண் என் வீட்டிலேயே இருந்தது.

என் அக்கா. கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் எனக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தவள். தினமும் வயிற்றில் ஊசி குத்திக்கொள்வாள். இரண்டு கண்ணிலும் புரை. எழுத்து இருந்தால் எதற்கென்று கேட்பாளே என்று வெறும் கட்டங்களாக வைத்து, மேலே ஆரஞ்சு, கீழே ஒவ்வொரு சாம்பலாகப் போனில் காட்டினேன். அவளுடைய எண்ணெய் விரல் பட்ட இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அது அருவருப்பு.

“இப்ப எத்தனை தெரியுதுக்கா?”

“ஒண்ணுதான்டா. ஆரஞ்சு மட்டும். நான் பாஸா, ஃபெயிலா?”

பாஸ் என்றேன். சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள். வக்கீலிடம் காட்டினேன், அவருக்கு இரண்டும் தெரிந்தது. அந்தச் சாம்பலுக்கு ‘அக்கா’ என்று பெயர் வைத்தேன். ஆபீசில் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கண்ணில் படக் கூடாத எதற்கும், “அக்காவைப் போட்டுடுப்பா” என்பார்கள். விற்பனை கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது.

பிறகு ஒருநாள் எங்கள் சமையலறை அலமாரியில் அந்தப் பொடி டப்பா இருந்தது. ஃபிரிட்ஜ் கதவில் இன்சுலின் பிரிக்கப்படாமல் கிடந்தது. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். லேபிளில் ஆரஞ்சு அழுக்காக அச்சாகியிருந்தது. அச்சகத்துக்காரனைக் கூப்பிட்டுத் திட்டினேன். அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? பக்கம் சரியாக வேலை செய்கிறது என்றா?

கால் பெருவிரலில் வந்த புண் கணுக்கால்வரை ஏறியது. நாற்றம் வீடு முழுக்க. எனக்கு நாற்றம் ஆகாது. தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன். அவள் காலில் சுற்றிய துணியில் பச்சையும் மஞ்சளுமாக ஒன்று ஊறியிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் சாப்பாடு இறங்குவதில்லை. ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள். அதற்குள் ரத்தமெல்லாம் கெட்டுப் போயிருந்தது.

சாவதற்கு முன் கடைசியாக என்னிடம், “நீ போட்ட பக்கம்தானேன்னு நம்பி வாங்கினேன்டா,” என்றாள். “ஊசி போடுறியான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருக்குக்கா. நீதான் பார்க்கலை.”

“அப்படியா,” என்றாள். “என் கண்ணுதான் சரியில்லை, விடு.”

வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவளைப் போன்றவர்களுக்குத் தெரியக் கூடாதென்றுதான் அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதை அவள் கண்ணை வைத்தே தேர்ந்தெடுத்தேன். டப்பாவைப் பார்த்தும் சும்மா இருந்தேன். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். அவள்மேல் எனக்குப் பாசம் இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பாசம் இல்லாதவன் அந்த நிறத்துக்கு அக்கா என்று பெயர் வைப்பானா?