ஓரத்துக் கோடு

அன்று கடையில் இருந்தவர்கள் மூவர்: படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரர், ஓவியம் வரையும் என் தங்கை, நான். நாலாவதாக ஒருவரும் இல்லை.

கடைக்காரர்: ...அதான் சார், இந்தப் படத்தோட கீழ் ஓரத்தை அட்டைக்குள்ள மறைச்சிடலாம். ரெண்டு விரக்கடை போதும். இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க, அளந்துக்கறேன்.

நான்: எனக்கு வேற வேலையில்லையா? மேல ஏதாவது கனமா வைங்க. ஆமா, எதுக்கு மறைக்கணும்?

தங்கை: மறைக்கட்டும்ண்ணா.

நான்: நீ சும்மா இரு. ஏங்க, இதுல உங்களுக்கு என்ன தெரியுது?

கடைக்காரர்: குதிரை... இல்ல, மலையா?

நான்: கடவுளே! குதிரையும் இல்ல, மலையும் இல்ல. கோடு போற விதத்தைப் பாருங்க. இங்க தூரிகை மை சொட்டச் சொட்ட இறங்குது. எப்படிக் கனமா உக்காந்திருக்கு! அப்புறம் தோள்லேர்ந்து ஒரே வீச்சு. இந்த வளைவுல மை தீந்து, தாள் வெள்ளை வெள்ளையா எட்டிப் பாக்குது. வேகம் குறைஞ்சுதா?

கடைக்காரர்: அட... இல்லையே! சாட்டையைச் சுழட்டின மாதிரி இருக்கு.

நான்: அப்பாடா!

தங்கை: சரி, கிளம்பலாமா?

கடைக்காரர்: ஆனா ஓரத்துக்கு வந்ததும் நடுங்குதே சார். இந்த அம்மாவுக்குக் கை நடுக்கம்னு எல்லாரும் சொல்றாங்க. பள்ளிக்கூடத்துல அவங்க ஓவிய வகுப்பை வேற ஆளுக்குக் கொடுக்கப் போறாங்களாமே?

நான்: என்ன உளறல் இது? நம்ம வீட்டுப் பொண்ணைப் பத்தியா?

தங்கை: உளறல் இல்லண்ணா.

நான்: உனக்குத் தெரியுமா?

தங்கை: போன வாரம் தலைமையாசிரியை கூப்பிட்டுக் கேட்டாங்க.

நான்: நீ என்ன சொன்னே?

தங்கை: ஒண்ணும் சொல்லல.

நான்: வாயில என்ன கொழுக்கட்டையா? இருபது வருஷ வேலை போகுது!

தங்கை: வீட்டு விஷயம் வாசலைத் தாண்டக் கூடாதுன்னு நீதானே சொல்வே...

கடைக்காரர்: அப்ப நடுக்கம் உண்மைதானா?

தங்கை: அண்ணா, வேண்டாம். விடு.

நான்: கேட்டுக்கங்க. கேக்கறவங்க கிட்டயெல்லாம் சொல்லுங்க. தலைமையாசிரியை கிட்ட நானே போய்ச் சொல்றேன். இவ வரையறப்ப தாள் நகராம கீழ் ஓரத்தை இழுத்துப் பிடிக்கிறது நான். இவ கை நடுங்கல. நடுங்கினது என் கை.